ஆவேசமும் மந்திரமும்: ஏற்கும் உள்ளம் எது?

ஓர் உடலில் இரண்டு உள்ளங்கள் குடியிருக்கும்போது, அவ்வுடலை நோக்கி ஏவப்படும் மந்திரம் எந்த உள்ளத்தைச் சென்றடையும்? மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்கு இவ்வினா வெறும் கற்பனை விளையாட்டாகத் தோன்றலாம். உண்மையிலும் ஒரு விளையாட்டின் விதிநூல்களே இதனை அண்மைக்காலத்தில் மிகத் துலக்கமாக எழுப்பியுள்ளன. ஆயின், தமிழிலக்கியம் இவ்வினாவைச் சங்க காலந்தொட்டே வெவ்வேறு வடிவங்களிற் கேட்டு வந்துள்ளது. வெறியாட்டுப் பாடல்களும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் நளன் கதையும் இதற்குத் தரும் விடைகள் ஒரு தன்மையன அல்ல. அவற்றை ஒப்புநோக்கி, ஆவேசமுற்றவரை இலக்கியம் எவ்வாறு மதித்தது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியில், கொக்கிளாய்க் களப்பை அண்டிக் கிடக்கும் புல்மோட்டைக் கடற்கரையின் கனிம மணல் இவ்வாராய்ச்சிக்குப் பொருத்தமானதோர் உவமையைத் தருகின்றது. பார்வைக்கு அது ஒரே மணல். அள்ளிய கைக்கும் ஒரே பாரம். ஆனால் அதனுள் இல்மனைற், றூட்டைல், சிர்க்கோன் முதலான கனிமங்கள் விரவிக் கிடக்கின்றன. காந்தப்புலத்தினூடு செலுத்தப்படும்போது இல்மனைற் ஈர்க்கப்பட்டுப் பிரிகின்றது. எஞ்சியவற்றுள் மின்னைக் கடத்தும் றூட்டைலும் கடத்தாத சிர்க்கோனும் மின்னேற்ற முறையால் வேறாக்கப்படுகின்றன. காந்தம் மணல் முழுவதன் மீதும் ஒருங்கே செயற்படுகின்றது. எனினும் அதற்கு இயைபுடைய துகள் மாத்திரமே அசைகின்றது. ஏனைய துகள்களுக்குக் காந்தம் இருந்தும் இல்லாததே. கிழக்குக் கரையின் ஊர்களில் உருவேறியவருக்குச் சொல்லப்படும் மந்திரமும், ஜின் தீண்டியதாகக் கருதப்படுவோர்க்கு ஓதிக் கொடுக்கப்படும் நீரும் இத்தகைய காந்தங்களாகவே நம்பப்படுகின்றன. உள்ளே புகுந்ததை மாத்திரம் அவை பற்றி இழுக்கும். உடலுக்குரியவரை ஒன்றும் செய்யமாட்டா என்பதே நம்பிக்கை. இந்நம்பிக்கை எந்த அளவுக்குச் சரியானது என்பதிலேயே வினா முழுவதும் தங்கியுள்ளது.

விதிநூலின் விடை

1974ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் ஆக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டம் வெளிவந்தது. மேசையைச் சுற்றியமர்ந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களுக்கு அதுவே முன்னோடி எனலாம். ஒருவர் நடுவராயிருந்து கதையை நடத்துவார்; ஏனையோர் தத்தம் பாத்திரம் செய்வது இன்னதென்று சொல்வர்; ஐயத்துக்குரிய இடங்களைப் பகடை தீர்க்கும். இவ்வாட்டத்தில் மந்திரமும் பேயும் உண்டு. நாட்டுக் கதையிற் போல அவை தெளிவின்றி விடப்படுவதில்லை. இன்னது இன்னாரை இவ்வளவு நேரம் பற்றும் என்று வரையறுக்காவிட்டால் ஆட்டம் நடவாது. ஆடுவோரிடையே பிணக்கு நேரும். ஆதலால் சமய நூல்கள் மௌனமாகக் கடந்து செல்லும் இடங்களில்கூட விதிநூல் வாய்திறந்து பேசவேண்டியதாயிற்று.

2000ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் பதிப்பு, மனத்தைத் தாக்கும் மந்திரங்களைத் தனி வகையாக்கியது. மனமில்லாப் பொறியுருக்கள், தாவரங்கள் ஆகியவற்றோடு, இறந்தும் உலவும் உருக்களும் அவ்வகை மந்திரங்களுக்குக் கட்டுப்படா என்றும் விதித்தது. தீமையிலிருந்து காக்கும் மந்திரம் ஒன்று அதில் உண்டு. ஒருவர் ஏற்கெனவே பிறரது மன ஆட்சிக்கு உட்பட்டிருப்பினும், காப்பு நீடிக்கும் வரையில் அவ்வாட்சி அடங்கிக் கிடக்கும். காப்பு நீங்கியதும் மீண்டும் தலைதூக்கும். நீக்குதல் வேறு, அடக்கி வைத்தல் வேறு என்னும் பாகுபாடு இங்கே தெளிவாகின்றது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு மேலும் ஒரு படி சென்றது. அதன்படி, ஆவியொன்று ஒருவருள் புகுந்தால் உடலின் ஆட்சி ஆவியின் கைக்கு மாறும். ஆனால் உடலுக்குரியவரின் விழிப்புணர்வு அழிவதில்லை. நடப்பதனைத்தையும் அவர் அறிந்துகொண்டே இருப்பார்; தடுக்க மாட்டார். ஆவியோ அவருடைய உடலை ஆளுமேயன்றி, அவர் கற்ற கல்வியையும் பயின்ற திறனையும் கைக்கொள்ளாது. உடலுக்குள் இருக்கும் ஆவியை, இறந்தோர் ஆவிகளை விரட்டும் ஆற்றலையன்றி வேறெந்த மந்திரமும் குறிவைக்க இயலாது. அதே நூலிற் கூறப்படும் மற்றொரு மந்திரத்தில் நிலைமை வேறு. அங்கே உடலுக்குரியவரின் உயிர் பெயர்க்கப்பட்டு ஒரு கலத்தினுள் அடைபடுகின்றது. புகுந்தவர் வெற்றுடலில் வாழ்கின்றார்.

இவ்விதிகளின் உட்கருத்தை நோக்கினால், ‘ஆவேசம்’ என்னும் ஒரு சொல்லினுள் மூன்று வினாக்கள் பொதிந்துள்ளமை புலனாகும். உடலை ஆள்வது யார்? விழித்திருப்பது யார்? அறிவு யாருடையது? முதலாவது வகை ஆவேசத்தில், வசிய மொழி ஒன்றை அவ்வுடலை நோக்கிச் சொன்னால், ஆள்வது வசப்படாது, வசப்படத்தக்கது ஆளவில்லை. மந்திரம் வழுவின்றிச் சொல்லப்பட்டும் அதற்கு இலக்கு இல்லாமற் போகின்றது. ஆட்டத்தின் கற்பனை உலகை ஏற்பினும் தள்ளினும், இம்மூன்று வினாக்களும் இலக்கியத் திறனாய்வுக்குப் பயன்படும் கருவிகளாம். அவற்றைக் கொண்டு தமிழ் நூல்களை அணுகுதல் தகும்.

வெறியாட்டு: இலக்குத் தவறிய மந்திரம்

குறிஞ்சித் திணைப் பாடல்களில் வரும் வெறியாட்டின் அமைப்பு யாவரும் அறிந்ததே. தலைவனைப் பிரிந்த தலைவி மெலிகின்றாள். அம்மெலிவு முருகனால் வந்தது என அன்னை கருதி வேலனை அழைக்கின்றாள். களம் இழைத்து, மறியறுத்து, வேலன் வெறியாடுகின்றான். ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியைப் பாடிய கபிலர் இப்பொருளுக்கென ஒரு பத்தையே ஒதுக்கினார். வெறிபாடிய காமக்கண்ணியார் என்னும் புலவர் இப்பொருளாலேயே பெயர்பெற்றார்.

இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அணங்கு பற்றியவளாகக் கருதப்படுபவள் தலைவி. ஆனால் முருகு ஏறி ஆடுபவன் வேலன். மருந்து உண்பவன் மருத்துவனாகவும், நோயாளி பார்த்திருப்பவளாகவும் அமைந்த விந்தையான சிகிச்சை இது. தலைவியின் உள்ளத்தில் வேறொருவர் புகுந்துள்ளார் என்பது உண்மையே. ஆயின் புகுந்தவன் தெய்வமல்லன், மலைநாடன். எனவே தெய்வத்தை நோக்கிச் சொல்லப்படும் சொல் அவளுள் எதனையும் அசைப்பதில்லை.

சங்கப் புலவர் இதனை வெறும் அறியாமையாகக் காட்டி அமையவில்லை. தோழியின் வாயிலாகக் கூர்மையான வினாக்களாக்கினர். குறுந்தொகையின் 362ஆம் பாடலில் தோழி வேலனைச் சினவாதிருக்க வேண்டிக்கொண்டு ஓர் ஐயம் கேட்கின்றாள். மறியின் குருதியால் இவள் நுதலை நீவிப் பலி கொடுப்பாயாயின், இவளை வருத்திய மலைகிழவோனின் மார்பும் அப்பலியை உண்ணுமோ என்பது அவ்வினாவின் சாரம். ஏவப்படுவது யாருக்கு, ஏற்பது யார் என்னும் பிரச்சினையைத் தோழி இவ்வளவு சுருக்கமாக முன்வைத்துவிடுகின்றாள். நற்றிணையின் 34ஆம் பாடலோ இன்னும் துணிவுடையது. இந்நோய் தன்னால் வந்ததன்று என அறிந்தும் வேலன் வேண்ட வெறிக்களத்துக்கு வந்த முருகனையே, கடவுளாயினும் அறியாமை உடையவன் என்று தோழி கூறுகின்றாள். இலக்குத் தவறிய அழைப்புக்கு இசைந்து வந்த தெய்வமும் குற்றத்துக்கு உள்ளாகின்றது.

அகநானூற்றின் 22ஆம் பாடல் இதன் விளைவை நகையுடன் காட்டுகின்றது. வெறியயர்ந்த இரவிலேயே தலைவன் மறைந்து வந்து தலைவியைக் கூடுகின்றான். அவள் நோய் நீங்குகின்றது. புகழ் வேலனுக்குச் செல்கின்றது. தலைவி தன்னுள் நகுகின்றாள். அந்நகைப்பே இப்பாடலின் உயிர். அனைவரும் அவளைச் சூழ்ந்து நின்று அவளைப் பற்றியே பேசினர். அவளிடம் எவரும் பேசவில்லை. விழித்திருந்தவள் அவள் ஒருத்தியே. ஆட்சியும் அறிவும் தன்னிடமே இருக்க, அவை இல்லாதவளாகக் கருதப்பட்ட ஒருத்தியின் நகைப்பாதலால், அதில் இன்பத்தோடு தனிமையும் கலந்துள்ளது.

தேவந்தி: கலமாகிய பெண்

சிலப்பதிகாரத்தில் நிலைமை மாறுகின்றது. வேட்டுவ வரியில் கொற்றவை ஏறிய சாலினி கண்ணகியை நோக்கி அவளது வருங்காலச் சிறப்பை உரைக்கின்றாள். கண்ணகியோ, மூதறிவாட்டி மயக்கத்தாற் பேசினாள் என்று நாணிக் கணவனின் புறத்தே ஒடுங்குகின்றாள். உருவேறியவளின் சொல்லை அவள் பொருட்படுத்தவில்லை. ஆயின் காப்பியம் அச்சொல்லை மெய்யாக்குகின்றது.

வரந்தரு காதையில் தேவந்தியின் மேல் பாசண்டச் சாத்தன் ஏறுகின்றான். அங்கு நிற்கும் சிறுமியர் மூவர்மேல் கரகத்து நீரைத் தெளித்தால் அவர் முற்பிறப்பு உணர்வர் என்று தேவந்தியின் வாயால் அவன் கூறுகின்றான். மாடலன் அவ்வாறே செய்ய, அச்சிறுமியர் கண்ணகியின் தாயாகவும் கோவலனின் தாயாகவும் மாதரியாகவும் அரற்றுகின்றனர். மனத்தை மாற்றும் நீர் ஒன்று தமிழிலக்கியத்தில் இவ்வளவு வெளிப்படையாகப் பயன்படும் இடம் அரிது. எனினும் இங்கு அயல் உள்ளம் எதுவும் வெளியிலிருந்து புகவில்லை. சிறுமியருள் உறங்கிய அவர்தம் பழைய நினைவே விழிப்பூட்டப்படுகின்றது. தெய்வமேறிய வாய் காட்டிய நீர், ஏற்போரின் சொந்த உள்ளத்தையே தொடுகின்றது என்பது இளங்கோவடிகளின் நுண்மை.

காதையின் இறுதியில் அதே தேவந்தியின்மேல் பத்தினித் தெய்வம் தோன்றி இளங்கோவடிகளிடமே பேசுகின்றது. ஓருடலில் இருவேறு காலத்து இருவேறு தெய்வங்கள். சாத்தன் தேவந்தியின் கணவனாக வாழ்ந்து பிரிந்தவன். கண்ணகி அவளுடைய தோழி. அவள்மேல் ஏறியோர் இருவரும் அவளை நீங்கிச் சென்ற அன்பினரே. ஆவேசத்தைப் படையெடுப்பாகக் காணாது உறவாகக் கண்ட சிறப்பு காப்பியத்துக்கு உண்டு. ஆயினும் ஒரு குறையையும் சுட்டாதிருத்தல் கூடாது. தெய்வம் நீங்கிய பின் தேவந்தி என்ன உணர்ந்தாள், தன் வாயிற் பிறந்த சொற்களை அவள் கேட்டிருந்தாளா என்பன பற்றிக் காப்பியம் மௌனமாயிருக்கின்றது. கலம் நிரம்பியதும் பேசிற்று. பேசி முடிந்ததும் மறக்கப்பட்டது. விதிநூல் எழுப்பும் இரண்டாம் வினா, விழித்திருப்பது யார் என்பது, இங்கே கேட்கப்படவேயில்லை.

நளன்: விருந்தினனைச் சுடும் நஞ்சு

மூன்று வினாக்களையும் ஒருசேர எதிர்கொண்ட கதை நளனுடையது. கலி பன்னீராண்டு காத்திருந்து, தூய்மையில் நேர்ந்த ஒரு சிறு வழுவைக் கண்டு நளனுட் புகுகின்றான். பகடை நளனைத் தோற்கடிக்கின்றது. நாடிழந்து கானகம் புகுந்த நளன் நள்ளிரவில் தமயந்தியை விட்டு நீங்குகின்றான். அவ்விடத்தில் புகழேந்திப் புலவர் நளனின் உள்ளத்தைத் தயிர் கடைவோரின் கைக்கு ஒப்பிடுகின்றார். முன்னும் பின்னும் இழுபடும் அக்கை, நளனின் உள்ளம் இன்னும் விழித்திருப்பதற்குச் சான்றாகும். முழுதும் கலியே ஆண்டிருப்பின் தயக்கத்துக்கு இடமில்லை. ஆட்சி போய், விழிப்பு மாத்திரம் எஞ்சிய உள்ளத்தின் துயர் அதுவாகும்.

வியாச பாரதத்தில் இக்கதை இரண்டு அரிய கூறுகளைக் கொண்டுள்ளது. முதலாவது, தமயந்தியின் சாபம். நளனுக்கு இத்துயரை விளைத்தது எதுவோ, அது நளனிலும் மிகுந்த துயரை அடைக என அவள் சபிக்கின்றாள். கலியின் பெயரை அவள் அறியாள்; அவன் நளனுள் இருப்பதையும் அறியாள். எனினும் அவள் சொல் நளனைத் தீண்டாது, அவனுள் இருக்கும் கலியைச் சுடுகின்றது. இரண்டாவது, கார்க்கோடகனின் நஞ்சு. பாம்பு நளனைத் தீண்டுகின்றது. நஞ்சோ நளனை வருத்தாமல் உள்ளிருப்பவனை வருத்தும் என்று கார்க்கோடகனே உரைக்கின்றான். ஏவப்படுவது ஓருடலில், ஏற்பது இரண்டாம் உள்ளம். புல்மோட்டை மணலினூடு செல்லும் காந்தம்போல, இவ்விரண்டும் தமக்குரிய துகளை மாத்திரமே பற்றுகின்றன.

ஆயின் காந்தம் பற்றியதும் கலி நீங்கிவிடவில்லை. நஞ்சும் சாபமும் அவனை வருத்தினவேயன்றி வெளியேற்றவில்லை. இருதுபன்னனிடம் பகடையின் உட்பொருளை நளன் கற்றபோதே கலி நஞ்சைக் கக்கி வெளியேறுகின்றான். நளனைக் கெடுத்த பகடையே அவனது அறிவாகும்போது, புகுந்தவனுக்கு அங்கே இடமில்லாது போகின்றது. பிறர் ஏவிய மந்திரம் அடக்கி வைத்தது. தானே பெற்ற அறிவு நீக்கியது. மூன்றாம் பதிப்பின் விதியிற் கண்ட பாகுபாடு இங்கே கதையாகிவிட்டது.

மணிமேகலையும் இவ்வுண்மையை வேறு வழியாற் காட்டுகின்றது. சிறைவிடு காதையில் இராசமாதேவி மணிமேகலையின் அறிவைத் திரிப்பதற்கு மருந்தூட்டுகின்றாள். மறுபிறப்பு உணர்ந்தவளாதலின் மணிமேகலை மயங்கவில்லை. வேற்றுரு எய்தும் மந்திரத்தால் அவள் காயசண்டிகையின் வடிவைக் கொண்டிருந்தபோதும் அவளுடைய உள்ளம் மாறவில்லை. ஆவேசத்தில் வடிவு நிற்க உள்ளம் மாறும். இங்கே உள்ளம் நிற்க வடிவு மாறுகின்றது. அவளைக் காத்தது தெய்வக் காப்பு என்று சாத்தனார் சொல்லவில்லை. அவள் உணர்ந்த உணர்வு என்றே சொல்கின்றார்.

பொறுப்பு என்னும் பிரச்சினை நளன் கதையில் எஞ்சி நிற்கின்றது. மீண்டும் கூடிய வேளையில், நாட்டை இழந்ததும் மனைவியைப் பிரிந்ததும் தன் செயலல்ல, கலியின் செயல் என்று நளன் உரைக்கின்றான். தயிர் கடையும் கையை நினைவிற் கொண்ட வாசகர் இவ்விடையை முழுமையாக ஏற்றல் எளிதன்று. ஆனால் தமயந்தி மந்திரவாதியை அழைக்கவில்லை. கேசினியை அனுப்பிப் பேசச் செய்கின்றாள். அவன் சமைத்த உணவைச் சுவைத்துப் பார்க்கின்றாள். மக்களை அவன்முன் நிறுத்துகின்றாள். அவன் கண்ணீரை அறிந்துகொள்கின்றாள். உருமாறி நின்ற ஓர் உடலுள் தன் கணவனைத் தேடியவள் அவனையே வினவினாள். வெறிக்களத்தில் அன்னை செய்யத் தவறியது இதுவேயாம்.

வினவப்படாத உள்ளம்

இவ்வாராய்ச்சி பழங்கதையோடு முடிவதன்று. இலங்கையின் ஆவேச வழிபாடுகளையும் பேயோட்டும் சடங்குகளையும் பற்றிக் கணநாத் ஒபயசேகர 1981இலும் புரூஸ் கப்பவரர் 1983இலும் வெளியிட்ட நூல்கள், ஆவேசமுற்றவரின் வாழ்க்கை வரலாற்றையும் சமூக நிலையையும் நோக்காது ஆவேசத்தை விளங்கிக்கொள்ள முடியாது என்பதை உணர்த்தின. தென்னிலங்கைத் தொவில் சடங்கில் பேய் நகைப்புக்குரியதாக்கப்படும் கட்டத்தைக் கப்பவரர் விரித்துரைத்துள்ளார். நோயுற்றவர் அந்நகைப்பிற் கலந்துகொள்ளும்போது பிறரோடு கூடிய உலகுக்கு மீள்கின்றார். அங்கே சடங்கு, புகுந்ததாகக் கருதப்படுவதோடு மாத்திரம் பேசாது, உடலுக்குரியவரோடும் பேசுகின்றது. அகநானூற்றுத் தலைவி தனியே நகைத்தாள். இங்கே நோயாளி ஊரோடு சேர்ந்து நகைக்கின்றார். இவ்வேறுபாடு சிறிதன்று.

மறுபுறத்தில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் தமிழ்நாட்டின் ஏர்வாடியில் நேர்ந்தது எண்ணத்தக்கது. அங்குள்ள தர்காவை நாடி அழைத்துவரப்பட்ட மனநோயாளரைத் தங்கவைத்த தனியார் காப்பகங்களுள் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பிச் செல்ல முடியாது 28 பேர் மாண்டனர். பிணிக்கப்பட்டவை அவர்தம் உடல்கள். தீயைக் கண்டவை அவர்தம் விழித்திருந்த கண்கள். புகுந்ததென்று கருதப்படும் ஒன்றைக் கட்ட முனைந்த சங்கிலி, உடலுக்குரியவரையே கட்டியது. காந்தம் தனக்குரிய துகளை மாத்திரம் பற்றும் என்னும் நம்பிக்கை எவ்வளவு கொடிய முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவோரும் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயின் அது போதிய உண்மையன்று. பேய் இல்லை என்று சொல்லிவிட்டு, பேய் பிடித்ததாகச் சொல்லும் ஒருத்தியின் சொல்லையும் சேர்த்துத் தள்ளிவிடுதல் எளிது. அவ்வாறு தள்ளும் பகுத்தறிவாளரும், அவள் சொல் பேயின் சொல்லே எனக் கருதும் மாந்திரீகரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். இருவரும் அவளைக் கேட்பதில்லை.

தமிழிலக்கியம் ஆவேசத்தை நம்பியதா, நம்பவில்லையா என்பது இரண்டாம் நிலை வினாவே. உருவேறிய உடலுள் விழித்திருக்கும் ஒருவரை அது கண்டுகொண்டதா என்பதே முதல் வினா. குறுந்தொகைத் தோழி கண்டாள், தமயந்தி கண்டாள், நளவெண்பாவின் உவமை கண்டது. தேவந்தியைப் பொறுத்தவரையில் மாபெருங் காப்பியமும் காணத் தவறிற்று. கருமணலைப் பிரிக்கும் காந்தம் எந்தத் துகளையும் வினவ வேண்டியதில்லை. மனித உள்ளத்தை அணுகும் மந்திரமோ மருந்தோ அறிவுரையோ வினவாது செல்லுமாயின், அது எத்துணை வலிமையுடையதாயினும் வேலன் வெறிக்களத்திற் சொன்ன சொல்லினும் மேம்பட்டதாகாது.